ஏரம்புத் தண்டையலின் சிரட்டை

பசடேனா, கலிபோர்னியா
6.3.1960

அன்புள்ள பத்மா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் வாய்க்கு ஒத்துவரவில்லை. அங்கே அம்மா, மாமா, நீ, உன்னிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரையும் தனித்தனியே சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள். ஒவ்வொருவராகக் கேட்டால் தாள் முடிந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கொம்பனியில் ரொக்கெட்டுக்கு ஒரு கண் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மேலே போகிற ரொக்கெட் ஒரே ஒரு நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பார்வை தப்பினால் வழி தப்பும். ஆனால் அது நடுங்குகிற நடுக்கத்தில் நட்சத்திரம் கண்ணாடியை விட்டு ஓடிவிடுகிறது. ஏழு இன்ஜினியர்மார் எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

நேற்றுத் திடீரென்று மாமாவின் நினைவு வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில் தான் தண்டையலாக நின்று ஓட்டும் பாய்க்கப்பலில் என்னை நாகபட்டினம் கூட்டிப்போனாரே, அப்போது ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு, தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சுழற்றி நட்சத்திரம் பார்த்தார், வெள்ளி பார்க்கிறேன் என்பார். நான் போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் அது என்ன வித்தை என்று கவனிக்கவில்லை. அவரிடம் கேட்டு, படமும் கீறி அனுப்பு. ரொக்கெட்டுக்கு என்று சொல்லாதே, சிரிப்பார்.

இன்னும் இரண்டு வருடம் பொறு. வந்து தாலி கட்டிக் கையோடு கூட்டிவருவேன். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போட்டு அடிக்காதே.

உன்னுடைய,
பரமலிங்கம்

*

காங்கேசன்துறை
2.4.1960

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம்; நாலாவது ஆள் நீங்கள்தான், உங்கள் இலையைக்கூட மாமி சில நாள் மறந்து போட்டுவிடுகிறார். அங்கே சாப்பாடு சரியில்லை என்று எழுதியதை வாசித்து அவர் ஒரு நேரம் சாப்பிடவில்லை. இனி அப்படி எழுத வேண்டாம்.

அப்பாவிடம் கேட்டேன். "உவன் என்னத்துக்கு இப்ப இதைக் கேக்கிறான்? அண்டைக்குக் காட்டுவம் எண்டு கூப்பிட வாளிக்குள்ளை தலையை விட்டுக்கொண்டெல்லோ கிடந்தவன்!" என்றார். ஆனாலும் உள்ளே போய் எடுத்துவந்து துடைத்து என் கையில் தந்தார்.

அது பாதிச் சிரட்டை. நடுவில் ஓர் ஊசித் துளை. அந்தத் துளையைச் சுற்றி, விளிம்பு வரைக்கும் கீற்றுக் கீற்றாய் வெட்டியிருக்கிறது. ஒரு மூங்கில் வளையத்துக்குள் இறுக்கமில்லாமல் நிற்கும், விரலால் தட்டினால் சுழலும். சுழலவிட்டுப் பின்னால் நின்று வெள்ளியைப் பார்க்க வேண்டும். வெள்ளி நேர் நடுவில் நின்றால் மினுங்காது. கொஞ்சம் விலகினாலும் மினுங்கத் தொடங்கும். கப்பல் எப்படி ஆடினாலும் அதைப்பற்றிக் கவலை இல்லை, மினுக்கத்தை மட்டும் பார்த்துச் சுக்கானைத் திருப்பினால் போதும்.

எந்தப் பக்கம் விலகியது என்று முன்பு தெரியாது. எனக்குப் பதினாலு வயதில், பாதி வட்டத்துக் கீற்றுகளைத் தார் பூசி அடைக்கச் சொன்னேன். அப்படிச் செய்தால் மினுக்கம் விட்டு விட்டு வரும், வருகிற நேரத்தை வைத்துப் பக்கத்தைச் சொல்லலாம். அப்பா ஒரு கிழமை, ஏழு நாளும், என்னை ஏசினார். அடுத்த முறை கடலுக்குப் போய்வந்தபோது ஒரு சேலை கொண்டுவந்து தந்தார். படம் உள்ளே இருக்கிறது, அளவெல்லாம் போட்டிருக்கிறேன்.

அப்பா ஒரு வார்த்தை எழுதச் சொன்னார். "வேணுமெண்டா எடுக்கட்டும். ஆரின்ரை வேலை எண்டு ஆரும் கேட்டா, காங்கேசன்துறை ஏரம்புத் தண்டையல் எண்டு சொல்லச் சொல்லு. வேறை ஒண்டும் வேண்டாம்."

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பத்மாசினி

*

பசடேனா
12.6.1960

பத்மா,

சுகம் கேட்க இடமில்லை! கையில் அகப்பட்டது மடித்து ஒட்டுகிற ஒரு ஏரோகிராம் தாள்தான், அதில் முக்கால்வாசியைப் படம் பிடித்துவிட்டது. அதனால் படத்தைச் சுற்றி வட்டமாக எழுதுகிறேன். வாசிக்க நீ தாளைச் சுழற்ற வேண்டும். மாமாவும் அப்படித்தானே வெள்ளி பார்த்தார்.

நடுவில் இருப்பது பாதி அடைத்த தட்டு. சிரட்டைக்குப் பதில் கண்ணாடி, விரலுக்குப் பதில் மோட்டார், மாமாவின் கண்ணுக்குப் பதில் ஒளி பட்டால் மின்சாரம் விடுகிற ஒரு குமிழ். இன்று மேசையில் வைத்து ஆட்டிப் பார்த்தேன், பிடித்த வெளிச்சத்தை விடவில்லை.

பேட்டன்ட் என்று இங்கே ஒரு பத்திரம் உண்டு. ஒரு பொருளை முதலில் கண்டுபிடித்தவர் இன்னார்தான் என்று அரசாங்கம் எழுதிக் கொடுப்பது. இதற்கு ஒன்று எடுப்பேன். இது மாமாவின் சிரட்டை. பாதியை அடைக்கச் சொன்ன மூளை உன்னுடையது. நான் செய்தது மோட்டார் பூட்டிய வேலைதான். பத்திரத்தில் ஏரம்பு என்ற பெயர் முதலில் வரும். இதைக் கத்தரித்து வைத்துக்கொள், நான் மறந்தால் காட்டு.

பரமலிங்கம்

*

காங்கேசன்துறை
18.2.1965

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்றே நினைக்கிறோம். வேறு விதமாக நினைக்க உங்களிடமிருந்து ஒன்பது மாதமாகக் கடிதம் இல்லை.

மார்கழிப் புயலைப் பற்றிப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் கப்பல் ஓடு ஏற்றிக்கொண்டு நாகபட்டினத்திலிருந்து புறப்பட்டது மட்டும் தெரியும். இரண்டு மாதம் பார்த்தோம். பலகைகூட ஒதுங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை தர்ப்பையில் உருவம் செய்து கிரியை முடித்தோம். சிரட்டையும் அவரோடுதான் போனது.

மாமி என்னோடு இருக்கிறார். தன் தம்பிக்காகவும் அழுகிறார், உங்களுக்காகவும் அழுகிறார், எது எதற்கு என்று இப்போது எனக்குப் பிரித்துத் தெரிவதில்லை.

பேட்டன்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக மூன்று வருடத்துக்கு முன் எழுதினீர்கள். பெயர் போட்டீர்களா என்று நான் நாலு தரம் கேட்டேன், நீங்கள் நாலு தரமும் அந்த ஊர்க் காலநிலையைப் பற்றி எழுதினீர்கள். அப்பா கடைசியாகக் கடலுக்கு இறங்கிய அன்றும் வாசல் படலையில் நின்று, "என்ன பிள்ளை, பேர் வந்திட்டுதோ?" என்று கேட்டார். "வரும் அப்பா" என்றேன். அவரிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான், அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

நீங்கள் வர வேண்டாம். பத்திரம் வந்ததும் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். அவருக்குச் சாம்பல்கூட இல்லை. வருஷம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்குப் படத்தின் முன்னால் வைக்க எனக்கு அது வேண்டும்.

பத்மாசினி

*

பசடேனா
30.5.1966

அன்புள்ள பத்மாசினி,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். மாமாவின் செய்தி என்னை உலுக்கிவிட்டது. பதில் எழுதவே மனம் வராமல் பதினைந்து மாதம் ஓடிவிட்டது.

பத்திரம் போன மாதம் கிடைத்தது. பத்திரிகைக்காரர் வந்து என்னைப் படம் பிடித்தார்கள். இதை அடிப்படையாக வைத்து இன்னும் மூன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்: ஒன்று விமானக் கமராவுக்கு, இரண்டு செயற்கைக் கோளுக்கு. பெயர் விஷயம் நீ நினைப்பதுபோல் லேசானது அல்ல. இங்கே சட்டம் வேறு. கொம்பனியில் வேலை செய்கிறவரின் பெயரைத்தான் போட முடியும். மாமாவின் பெயரை என் மனதில் போட்டிருக்கிறேன், அதை யாரும் அழிக்க முடியாது.

பத்திரம் பதினெட்டுப் பக்கம், கடுதாசியில் வைக்கத் தோதுப்படாது. பிறகு பார்க்கலாம்.

கரோலும் உங்கள் துக்கத்தில் பங்குகொள்வதாகச் சொல்லச் சொன்னாள். கரோல் யார் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தேன். அம்மா உன்னிடம் பக்குவமாகச் சொல்லியிருப்பாள். தை மாதம் பதிவுத் திருமணம் முடித்தோம்.

பரமலிங்கம்

*

காங்கேசன்துறை
19.6.1966

அன்புள்ள பரமலிங்கம் அண்ணைக்கு,

இரண்டு பேருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும்.

மாமி எனக்குச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன், கடைசிப் பந்தி வந்தபோது அவர் தலையைக் குனிந்தார். நீங்கள் எழுதியதை அயலில் யாரிடமோ கொடுத்து வாசிப்பித்து, ஐந்து மாதமாகத் தெரிந்து வைத்திருக்கிறார். என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

மச்சானை அண்ணை என்று எழுதுகிறாளே, இதென்ன முறைகெட்ட வேலை என்று நினைப்பீர்கள். மாமியும், "ஐயோ, அப்பிடி எழுதாதை பிள்ளை, பிறகு மாத்தேலாது" என்று என் கையைப் பிடித்தார். மாற்றுவதற்காக எழுதவில்லை.

உங்கள் அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன். அவர் என் அப்பாவுக்கு அக்கா.

பத்மாசினி

*

பசடேனா
10.8.1971

என் அன்புக்குரிய பத்மா,

எப்படி இருக்கிறாய்? தலையிடி இன்னும் வருகிறதா? அம்மாவின் கால் வீக்கம் எப்படி? முற்றத்து மாமரம் காய்க்கிறதா? ஐந்து வருடம் எழுதாமல் இருந்துவிட்டேன், நீ கோபிக்க மாட்டாய் என்ற தைரியம்தான். கரோலும் நானும் பிரிந்துவிட்டோம். உன்னைப் போல் என்னைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

ஒரு சின்ன உதவி. சின்னது என்று எழுதினாலும் என் வாழ்வு அதில்தான் தொங்குகிறது. என் பெயரில் இப்போது ஒன்பது பேட்டன்ட் இருக்கிறது, ஒன்பதும் அந்த முதலாவதின் மேல் எழுப்பியவை. இன்னொரு கொம்பனி அதைத் தாங்கள் 1961 சித்திரையிலேயே கண்டுபிடித்துவிட்டதாக வழக்குப் போட்டிருக்கிறது. என் ஆய்வுக் கொப்பி தொடங்குவது 1961 புரட்டாதியில். அதற்கு முன்னால் நான் கீறியது எதுவும் இங்கே இல்லை.

ஆனால் உனக்கு ஒரு ஏரோகிராம் அனுப்பினேன். ஒரே தாள், ஒரு பக்கம் படம், மறுபக்கம் தபால் முத்திரையும் தேதியும். உறையில் போட்டு அனுப்பியிருந்தால் உறை வேறு, கடிதம் வேறு என்று வாதாடுவார்கள். அன்று தபால் செலவைப் பார்த்து ஏரோகிராம் வாங்கியதுதான் இன்று என்னைக் காப்பாற்றப் போகிறது. அது இல்லாவிட்டால் ஒன்பதும் போகும், வேலையும் போகும், பொய்யன் என்ற பெயரும் வரும்.

அதை வைத்திருக்கிறாயா? உடனே எழுது. வேறு யாரிடமும் காட்டாதே.

என்றும் உன்,
பரமலிங்கம்

*

காங்கேசன்துறை
29.8.1971

அன்புள்ள அண்ணைக்கு,

எனக்குத் தலையிடி வந்ததே இல்லை. மாமரம் புயலில் விழுந்தது. மாமிக்கு இப்போது கால் வீக்கம் இல்லை. சித்திரையில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நான் எழுதினேன், பதில் வரவில்லை. பேச்சு மட்டும் தெளிவு. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஏரோகிராம் இருக்கிறது. அப்பாவின் படச் சட்டத்துக்குள், படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன். நேற்று எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி வாசித்தேன். நிறம் மங்கவில்லை.

தருவேன். அதற்கு முன் பத்திரத்தின் முதல் பக்கத்தை அனுப்புங்கள். பெயர் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எனக்கு என் பெயர் வேண்டாம். அப்பாவின் பெயர் இல்லாவிட்டால், இப்போதாவது சேர்க்க வழி உண்டா என்று அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

பத்மாசினி

*

பசடேனா
20.9.1971

என் பத்மா,

கடவுள்தான் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கச் செய்தார்! அம்மாவின் நிலை கேட்டு மனம் உடைந்துவிட்டது. வழக்கு முடிந்த கையோடு இரண்டு பேரையும் இங்கே எடுப்பேன்.

இனி நான் எழுதுவதைத் தனியே இருந்து வாசி. கடிதத்தை என் வழக்கறிஞருக்கு நீயே நேராக அனுப்ப வேண்டும், விலாசமும் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு இலக்கமும் தனித்தாளில் உள்ளன. நான் அதைத் தொட்டால் ஏற்கமாட்டார்களாம். இத்தனை காலமும் உன்னிடமே இருந்தது என்று ஒரு சத்தியக் கடதாசியும் முடித்துச் சேர்த்து அனுப்பு.

ஆனால் ஒரு சங்கடம். எதிர்த்தரப்பு ஒரு தமிழரைப் பிடித்து, படத்தைச் சுற்றி எழுதியிருப்பதை வாசிப்பிக்கும். விளையாட்டுக்கு எழுதிய நாலு வரி அது. "மாமாவின் சிரட்டை" என்று கண்டால், கண்டுபிடித்தவன் நானே இல்லை என்று சொல்லிப் பத்திரத்தைக் கிழித்துவிடுவார்கள். இங்கே சட்டம் அப்படி. அப்போது மாமாவுக்கும் பெயர் இல்லை, எனக்கும் இல்லை.

அதனால் அந்த எழுத்தைச் சுரண்டிவிடு. புதுப் பிளேட் ஒன்றை எடுத்து, நுனியால், தாள் கிழியாமல் மெல்ல. உன் கை நடுங்காது, எனக்குத் தெரியும். படத்திலும் முத்திரையிலும் கீறல் பட்டுவிடாமல் பார்த்துக்கொள். கேட்டால் பூச்சி அரித்தது என்று சொல்லலாம். வென்ற பிறகு மாமாவின் பெயரைச் சேர்க்க முறைப்படி விண்ணப்பிப்பேன், சத்தியம். முதல் பக்கத்தை அப்போது சேர்த்தே அனுப்புகிறேன்.

உன் கையில்தான் நான் இருக்கிறேன்.

பரமலிங்கம்

*

பசடேனா
1.11.1971

பத்மா,

சுகமா? ஆறு கிழமையாகக் காத்திருக்கிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டிசம்பர் முதலாம் தேதிக்குள் கடிதம் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். என்னைக் கொல்லாதே. உனக்கு மனமில்லாவிட்டால் அம்மாவிடம் கேள். அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அம்மா சொன்னபடி செய், அது போதும்.

பரமலிங்கம்

*

காங்கேசன்துறை
15.11.1971

அன்புள்ள அண்ணைக்கு,

இதை வாசிக்கும்போது நீங்கள் உட்கார்ந்திருப்பது நல்லது.

சுரண்டச் சொன்ன உங்கள் கடிதம் ஒக்டோபர் இரண்டாம் தேதி கிடைத்தது. தனியே இருந்து வாசிக்கச் சொன்னீர்கள். மாமிக்கு வாசிக்காமல் நான் உங்கள் கடிதம் எதையும் வைத்ததில்லை, அதையும் வாசித்தேன். அவர் என் கையைத் தன் இடக்கையால் பிடித்துக்கொண்டார். "சுரண்டு பிள்ளை. தம்பி போய்ச் சேர்ந்திட்டான், செத்தவனுக்குப் பேர் என்னத்துக்கு? என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான். அவன் கேட்டபடி பிளேட்டாலை சுரண்டிக் குடு."

"உங்கடை கூடப் பிறந்தவர் மாமி" என்றேன்.

"ஓம். அவன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். பெயரைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாம் என்றவர் அவர். ஆனால் மாமி விடவில்லை. பதின்மூன்று நாள், விடிந்தால் சுரண்டு, பொழுதுபட்டால் சுரண்டு. கடைசியில், "சுரண்டுறன் மாமி" என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கஞ்சி குடித்தார்.

இரண்டு நாள் கழித்து, ஒக்டோபர் பதினேழு காலையில், போய்விட்டார். அயலவர் உங்களுக்குத் தந்தி அடிக்கச் சொன்னார்கள். விலாசம் மாறிவிட்டது, புதிய விலாசம் தெரியாது என்றேன். நீங்கள் இருக்கிற வீட்டு இலக்கம் எனக்கு நித்திரையிலும் தெரியும். பக்கத்து வீட்டு நாகலிங்கம் கொள்ளி வைத்தார். ஒரு பிள்ளை இருந்தும் அயலவன் கையால் நெருப்பு. அது நான் உங்களுக்குச் செய்தது, யார்மேலும் பழி போடவில்லை. அம்மாவிடம் கேள் என்று நீங்கள் எழுதிய கடிதம் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு கழிந்த பிறகு வந்தது. நாளை முப்பத்தோராம் நாள், கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு.

செத்தவருக்குச் செய்த சத்தியத்தை மீறக்கூடாது என்பதால் சுரண்டினேன். புதுப் பிளேட்தான் வாங்கினேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் மேசையைப் போட்டு, தாளை விரித்து, ஒரு முழு நாள் சுரண்டினேன். நீங்கள் சொன்னதுபோல் என் கை நடுங்கவில்லை.

படத்தைச் சுரண்டினேன்.

நடுத் தட்டு, பாதி அடைத்த கீற்றுகள், மோட்டார், குமிழ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது, மற்ற இடமெல்லாம் வெளிச்சம் வருகிற அளவுக்கு மெல்லிசாகிவிட்டது. எழுத்தில் ஒரு புள்ளியும் போகவில்லை. முத்திரையும் தேதியும் தெளிவாக இருக்கிறது.

நீங்கள் தந்த விலாசத்துக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சத்தியக் கடதாசியும் சமாதான நீதவான் முன்னால் முடித்தேன். கடிதம் பதினொரு வருடமும் என்னிடமே இருந்தது என்று எழுதினேன். படத்தைச் சுரண்டியது நான் என்றும், எழுத்தைச் சுரண்டச் சொல்லிக் கேட்டது யார் என்றும் எழுதி, நீங்கள் எழுதிய கடிதத்தையும் சேர்த்தேன். பொய்ச் சத்தியம் எனக்குப் பழக்கமில்லை. வட்டமாக எழுதியதை நானே இங்கிலிஷில் பெயர்த்து வைத்திருக்கிறேன், அவர்கள் ஆளைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் வழக்கறிஞர் மறைத்துவிடாதபடி எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து நீதிமன்றத்துக்கும் அனுப்பினேன்.

படம் போனதில் எனக்கும் நட்டம்தான். அப்பாவின் சிரட்டை கடலில் போனது, அதன் கடைசி உருவத்தை நான் என் கையால் அழித்தேன். அழுதுகொண்டுதான் அழித்தேன். ஆனால் அந்தப் படம் இருந்தால் அதைக் காட்டி நீங்கள் தேதியை வெல்வீர்கள், எழுத்துக்கு வேறு ஏதாவது கதை சொல்வீர்கள். இப்போது அந்தத் தாளில் உங்களுக்கு உதவுகிற ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு நீதிமன்றத்தில், ஒரு வெள்ளைக்காரர் எழுந்து நின்று, காங்கேசன்துறை ஏரம்பு என்று சத்தமாக வாசிப்பார். எனக்கு அது போதும். நீங்கள் அப்போது அங்கே இருப்பீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எழுத வேண்டாம். வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை.

ஏரம்பு மகள்,
பத்மாசினி